பிரேக் குழாயில் ஒரு கீறல்

"சார்... ஒடனே கப்பலூர் வாங்க! ஒங்களைக் கொல்லப் பாத்திருக்காங்க!"

செல்போனில் கத்தினாள் முத்துமீனா. பழைய கார்களுக்கு உயிர் கொடுக்கும் அவளுடைய ஒர்க்‌ஷாப்பில், முன்சக்கரம் கழற்றிய நிலையில் நின்றது அந்த வெள்ளை ஃபியட்.

ஜனகராஜ் அடித்துப் பிடித்து வந்தார். பட்டுச்சேலை வியாபாரி. நெற்றியெல்லாம் வியர்வை.

"பழைய டிரம் பிரேக்கைத் தூக்கிட்டு டிஸ்க் போடத்தானம்மா விட்டேன்... என்னாச்சு?"

"இங்க பாருங்க."

பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய். அதன் மேல்... பிளேடால் இழுத்த கீறல்!

"தேஞ்சதில்ல சார். அறுத்தது! வேகத்துல ஓங்கி மிதிச்சா பிச்சுக்கும். அம்புட்டுதான்... லாரிக்கு அடியிலதான் நிப்பீங்க."

"வண்டி வீட்டு ஷெட்லதானே நிக்கும்..."

"அங்க யாரு வந்து போவாங்க?"

"பார்ட்னர் பாலமுரளி மட்டுந்தான்..."

"வண்டி இங்க வந்தது அவருக்குத் தெரியுமா?"

"என் சம்சாரம் கனகலட்சுமிக்கே தெரியாது."

"அப்ப மூச்சு விடாதீங்க. நான் புதுக் கொழாயோட டிஸ்க்கை மாட்டிர்றேன். அவரை வரச்சொல்லி வண்டிய ஓட்டச் சொல்லுங்க. அறுத்தவன்னா ஏற மாட்டான்!"

சாயங்காலம் பாலமுரளி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். முத்துமீனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவே மனசு வரவில்லை.

"என்ன மாப்ள, ஒன் ஃபியட் கெழவிக்கு ரிப்பேரா?"

"ரிப்பேர் ஒண்ணுமில்ல, கழுவத்தான் விட்டேன்... வீடு வரைக்கும் நீ ஓட்டு மாப்ள."

மாட்டேன் என்பான்... இதோ... சொல்லப் போகிறான்...

"கொண்டா சாவிய!"

ஒரே தாவலில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான்! பக்கத்தில் ஜனகராஜ். பின்சீட்டில் முத்துமீனா, குழம்பிப் போய். அப்படியானால்... அறுத்தது யார்?

ஃபியட் நான்குவழிச் சாலையில் ஏறி வேகமெடுத்தது.

ஜனகராஜின் செல் அலறியது. ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க இருக்கீங்க?" கனகலட்சுமி.

"ஃபியட்ல வந்துக்கிட்டிருக்கேன்."

"ரோடு காலியாத்தான கெடக்கும்? நல்லா வெரட்டி வாங்க."

"நான் எங்க வெரட்ட? முரளில்ல ஓட்டுறான்!"

கனகலட்சுமி வீறிட்டாள்.

"ஐயய்யோ! முரளி... பிரேக்கை மிதிக்காதடா! கொழாய் அறுந்துரும்... என் ராசா, எப்படியாச்சும் எறங்கிருடா!"

பாலமுரளியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

ஜனகராஜ் செல்லையே வெறித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் ஒருமுறைகூட 'ராசா' என்று கூப்பிட்டதில்லை.

"மாப்ள... அவ அறுத்தது எனக்குத் தெரியாதுடா... சத்தியமா!"

"மத்ததெல்லாம் தெரியும்ல?"

பாலமுரளி பிரேக்குக்குப் போன காலை இழுத்துக்கொண்டான். வண்டி பறந்துகொண்டிருந்தது.

முத்துமீனா முன்னால் குனிந்தாள்.

"தைரியமா மிதிங்கண்ணே... புதுக் கொழாய், டிஸ்க் ரெண்டும் போட்டாச்சு! போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கச்சிதமா நிக்கும்!"