சம்பந்திகளுக்காகப் பார்த்த வீடு

ஓசூரிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று மகள் சங்கவி போனில் சொன்னதிலிருந்து இராமதாஸுக்கு வாய் ஓயவில்லை.

“இந்த ஊர்ல என்னா இருக்குன்னு வராங்க? மஞ்சச் சுவத்துக்கு முன்னாடி நின்னு பல்லக் காட்டி போட்டோ புடிக்கணும். காலை நனைக்கலாம்னு பீச்சுக்குப் போனா பாறாங்கல்லு. இதுக்கு ஒரு வேன் வேற.”

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கருவடிக்குப்பத்தில் சொந்த வீடு. உலகத்தில் அவர் மதித்த மனிதர் என்று யாரும் இல்லை. சம்பந்தி அவருக்குத் தேங்காய் மண்டிக்காரன். சம்பந்தியம்மாள் நகைக்கடை பொம்மை. ஆனாலும் அந்த மண்டிக்காரன் வாயைப் பிளக்கும்படி ஊரைக் காட்டியாக வேண்டும். காலையில் கோயில், பிறகு கடற்கரைச் சாலை, மத்தியானம் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த தெருக்களில், ஏதாவது ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து அங்கே சாப்பாடு என்று திட்டம் போட்டார்.

மனைவி பாக்கியலட்சுமி தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டித்தான் வந்திருக்கிறாள். பதில்களை மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். கூர்மையான பதில்கள். ஒன்றுகூட வெளியே வந்ததில்லை.

அப்படி வாடகைக்கு விடும் ஒரு வீட்டைப் பார்க்க ஸ்கூட்டரில் போனபோது உச்சி வெயில். கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தன. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. காகிதப்பூச் செடி தொங்கிய மதிலுக்குப் பின்னால் அந்த வீடு நின்றது. வீட்டுக்காரர் ஜில்பேர் பின்கட்டில் தனியாக இருந்தார். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும், எழுபதை நெருங்கும் மனிதர். சாவியோடு வாசல் கேட்டுக்கு வந்தார்.

“வாங்க முசியே. வாங்க மதாம். சாயந்தரமா வந்திருக்கலாமே.”

“ஏன், வெயில்ல உங்க வீடு கரைஞ்சிடுமா?”

ஜில்பேர் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

“ரெண்டு பேர் மட்டும்தானா?”

“ஞாயித்துக்கிழமை வேன் நெறைய வருவாங்க. பட்டிக்காட்டுக் கூட்டம். கதவத் தொறங்க.”

அவர் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. கையால் கூடத்தைக் காட்டினார், முற்றத்தைக் காட்டினார், மாடிப்படியைக் காட்டினார். பிறகு செருப்புச் சத்தம்கூட எழாமல் வெளியே போய்விட்டார்.

“ஊமையாயிட்டானா திடீர்னு?” என்றார் இராமதாஸ்.

வெளியே தார் உருகும் வெயில். உள்ளே கிணற்றுக்குள் இறங்கியது போல் குளிர்ந்தது. ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியே விழுந்த வெளிச்சம் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசம், பல வருஷம் திறக்காத அலமாரியின் வாசம், எப்போதோ எரிந்து முடிந்த மெழுகுவர்த்தியின் வாசம். காக்கைச் சத்தம்கூட உள்ளே வரவில்லை.

இராமதாஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“உதிர்ற சுவரு, ஆடற நாற்காலி. இதெல்லாம் ஒரு வீடா.”

மாடியிலிருந்து பதில் வந்தது.

“இதெல்லாம் ஒரு ஆளா.”

பெண் குரல். மெதுவாக, சலிப்பாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல.

இராமதாஸ் சட்டென்று மனைவியைப் பார்த்தார். அவள் தூணருகே தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குரல் அவளுடையது.

பாட்டில் அவள் கையிலிருந்து நழுவி உருண்டது.

“யார்டி மேல?”

“எனக்குத் தெரியாதுங்க,” என்று கிசுகிசுத்தாள். “வாங்க, போயிடலாம்.”

“கம்பெனியில உனக்கு வழியனுப்பு விழா வெச்சாங்களே,” என்றது மேலேயிருந்த குரல். “எத்தன பேர் வந்தாங்க? டீ கொண்டாந்தவனயும் சேத்து நாலு பேரு. கம்பெனியே தெரண்டு வந்துச்சின்னு வீட்ல வந்து சொன்ன. நான் நம்பிட்டேன்னு நெனச்சியா?”

நாலு பேர் வந்தது தனக்கு மட்டுமே தெரியும் என்று இராமதாஸ் நினைத்திருந்தார். அதைவிட, அந்தக் குரல் அவரை நீ என்றது. பாக்கியம் ஒருநாளும் அவரை நீ என்றதில்லை.

“எவளோ ஒளிஞ்சிக்கினு வெளையாடறா,” என்று படியேறினார். மரப்படிகள் முனகின.

பாக்கியம் கீழே தனியாக நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இத்தனை வருஷமாக அடக்கி வைத்த பேச்சை யாரோ உரக்கச் சொல்கிறார்கள். கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், இனித்தது.

மேலே அறை அறையாகக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“ஒருத்தியும் இல்லயே,” என்றார் இராமதாஸ்.

அப்போது பாக்கியத்தின் காதருகே காற்று சூடாக அசைந்தது. அவள் தலையில் தேய்க்கும் எண்ணெயின் வாசம், அவள் பூசும் பவுடரின் வாசம், பக்கத்தில் இன்னொருத்தியிடமிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை.

திரும்பினால் என்ன முகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“உனக்கு நெஞ்சுவலி வந்துச்சே,” என்று அந்தக் குரல் மாடிக்குக் கேட்கும்படி சொன்னது. “ஆஸ்பத்திரியில ராவெல்லாம் ஒக்காந்திருந்தேன். காலையில டாக்டர் வெளிய வந்து, பொழச்சிக்கிட்டார்மான்னு சொன்னப்போ...”

அடுத்து என்ன வரும் என்று பாக்கியத்துக்கு மட்டும்தான் தெரியும். டாக்டர் சொன்ன நொடியில் அவள் மனசுக்குள் விழுந்த அந்த ஒரு வரி. சாமியிடம்கூடச் சொல்லாதது.

மேலே இராமதாஸ் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலிருந்த நாற்காலியைத் தூக்கித் தரையில் அடித்தாள். உடைந்தது. இன்னொன்றை எடுத்து அடித்தாள். அந்தச் சத்தத்துக்குள்ளேயே படியேறி, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் குழந்தை போல் கூட வந்தார்.

கேட்டில் ஜில்பேர் நின்றிருந்தார். உடைந்த நாற்காலிகளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

“என் மதாம் என்ன உட்டுட்டு பிரான்சுக்குப் போயிட்டது இதனாலதான்,” என்றார் தணிந்த குரலில், பாக்கியத்திடம் மட்டும். “அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. எல்லாத்தயும் வீடுதான் சொல்லிச்சு.”

“அது யாரு?”

“தெரியாது மதாம். புருஷன் பொண்டாட்டி தனியா வந்தா பேசும். கும்பலா வந்தா வாயத் தொறக்காது. நீங்க ஞாயித்துக்கிழமை தாராளமா வேனக் கூட்டியாங்க.”

ஸ்கூட்டர் வாய்க்காலைத் தாண்டியதும் இராமதாஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

“டாக்டர் சொன்னப்போ... அப்புறம் என்னா?”

“எந்த டாக்டருங்க?”

அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் சாப்பிட்டார்கள். சம்பந்தியம்மாள் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள். இராமதாஸ் எதையும் குறை சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். “அப்பா எவ்ளோ சாந்தமாயிட்டாரு,” என்று சங்கவிகூடச் சந்தோஷப்பட்டாள். அவர் சாப்பிடும்போது, நடக்கும்போது, பாக்கியத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பாக்கியம் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து செதில் சீவிக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். இராமதாஸ் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

வண்டிக்காரனின் சத்தம் தேய்ந்ததும் அது கேட்டது.

படுக்கையறையில் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், தணிந்து, ஒவ்வொன்றாக.

டி.வி. ஓடவில்லை. போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது.

பாக்கியம் எழுந்து கதவருகே போனாள். பவுடர் வாசம் கதவிடுக்கில் வந்தது. வார்த்தைகள் புரியவில்லை. குரல் மட்டும் புரிந்தது, அது அவளுடையதே.

இடையில் இராமதாஸ் கேட்டார், பணிவாக.

“ம். அப்புறம்?”

மீன் நாறும் கையால் பாக்கியம் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே பேச்சு நிற்கவில்லை.