ஏழாம் சந்தில் ஒரு புள்ளி

கூட வேலை பார்த்த பிளாமென் காணாமல் போய் நாற்பதாம் நாள் மத்தியானம், குளிர்கிடங்குக்குள் நெவெனா தனியாக இருந்தாள். கையிலிருந்த திரை இரண்டு பேர் என்றது.

கையுறையால் திரையைத் துடைத்தாள். இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகளும் அப்படியே இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது ஏழாம் சந்தில்.

வெளியே பிளொவ்திவ் நகரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே எப்போதும்போல மைனஸ் இருபத்துநான்கு. மேலே விசிறிகளின் ஓயாத முனகல், அட்டைப் பெட்டிகளைத் தாண்டிக் கசியும் ராஸ்பெரிப் பழங்களின் மெல்லிய இனிப்பு வாசம், எங்கோ தொலைவில் பனித்தூள் நொறுங்க நகர்ந்துகொண்டிருந்த ரோபோவின் ரப்பர்ச் சக்கரச் சத்தம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. சக்கரப் பெட்டியின் மேல் ஆளுயரக் கம்பம், அவ்வளவுதான். சந்து சந்தாகப் போய், பெட்டிகளில் ஒட்டிய ரேடியோ டேக்குகளைத் தொடாமலே படித்து, எது எங்கே என்று திரையில் புள்ளி வைக்கும். சரக்குக்குப் பச்சை. ஆட்கள் சட்டையில் மாட்டும் டேக்குக்கு ஆரஞ்சு.

ஏழாம் சந்து இப்போது சந்தே அல்ல. அங்குள்ள அடுக்குகள் தண்டவாளத்தில் நகர்பவை. பொத்தானை அழுத்தினால் ஒரு சந்து மூடிக்கொண்டு இன்னொன்று திறக்கும். அழுத்துமுன் உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும் என்பது விதி. திரையில் ஆரஞ்சுப் புள்ளி இல்லையென்றால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏழு மூடியபடியே கிடந்தது. அதிலிருந்த புளிப்புச் செர்ரி மீது வழக்கு நடப்பதால் திறக்க வேலையும் வரவில்லை.

அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். வெளியே சரக்கு ஏற்றும் மேடையில் கோஸ்தா இருந்தார்.

"கோஸ்தா அண்ணே, கணக்குப்பிள்ளை ஒரு ஆள் கூடச் சொல்லுது."

"குளிர்ல அதுக்கும் கண்ணு மங்கிடுச்சு போல. ஒரு மடக்கு ரக்கியா ஊத்திவிடும்மா, தெளிஞ்சிடும். யாரோட டேக்?"

புள்ளியின் கீழே பெயர் இருந்தது. அவள் படித்தாள்.

"தெரியல."

"சரி, விடு. பிளாமெனோட அம்மா இன்னிக்கும் கேட்ல நிக்குறாங்க. ஜெர்மனிக்கு ஓடிட்டான்னு நாமதான் சொல்லிட்டிருக்கோம், ஒரு போன்கூட வரலியே. இன்னிக்கு நாப்பதாம் நாள். செத்தவங்களுக்கு வெக்கிற படையல் கோதுமை வேகவெக்கவா வேண்டாமான்னு கேக்குறாங்கம்மா. உயிரோட இருக்குறவனுக்கு வேகவெச்சா பாவம். செத்தவனுக்கு வெக்காம விட்டா அதவிடப் பாவம். நான் என்னத்தச் சொல்ல?"

நெவெனா வாக்கிடாக்கியைக் கீழே இறக்கினாள். நாற்பது நாளாக அவள் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. பேசினால் வேலை போவதோடு முடியாது, சிறைக்குப் போக வேண்டும். அவன் டேக் எங்கே இருக்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பாலத்தில் நின்று மரிட்சா ஆற்றில் எறிந்தது அவள்தான்.

சக்கரச் சத்தம் நின்றது.

சந்துகளில் ஆள் நடமாடினால்தான் விளக்கு எரியும். தூரத்தில், மூடிய ஏழாம் சந்தின் மேலே, விளக்கு எரிந்தது.

பிறகு ஆறாவது.

நடுவில் வழி இல்லை. அடுக்குகளும் பெட்டிகளும்தான். ஒரு பெட்டியும் அசையவில்லை. ஆனால் ஒரு சத்தம் வந்தது, பனிக்கட்டி மெதுவாக விரிசல் விடுவதுபோல. அவளுக்குத் தெரிந்த சத்தம். அன்றைக்கும் பனிக்கட்டி என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது விளக்கு.

கணக்குப்பிள்ளை திரும்பியது. யாருக்கோ வழிவிடுவதுபோலச் சுவரோடு ஒதுங்கியது.

நான்கு. மூன்று.

கதவுக்கு ஓட வேண்டும். கால் நகரவில்லை.

இரண்டு.

திரையைப் பார்த்தாள். ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு பார்த்தாள். புள்ளியின் கீழே இரண்டு பெயர்கள்.

தலைக்கு மேலே விளக்கு எரிந்தது.

ஆற்றுச் சேற்றின் வாசம். சட்டைப் பையில் ஏதோ கனத்தது. கையை விட்டாள். தட்டையாக, வழவழப்பாக, பாசி படிந்து. வெளியே எடுத்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தக் குளிரிலும் அது உறையவில்லை.

"நெவெனாம்மா? அவங்க இங்கேயே நிக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

பின்கழுத்தில் ஒரு குளிர். கிடங்கின் குளிர் அல்ல.

அவள் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"கோதுமை வேகவெக்கச் சொல்லுங்கண்ணே."

"என்னம்மா சொல்றே?"

தூரத்தில், யாரும் தொடாத மோட்டார் உறுமியது. ஏழாம் சந்தின் அடுக்குகள் தண்டவாளத்தில் கிறீச்சிட்டபடி, மெல்ல, விலகத் தொடங்கின. இடுக்கிலிருந்து ஒரு கையுறை முதலில் தெரிந்தது.

"அன்னிக்குப் பிளாமென் தம்மடிக்கப் போறேன்னு சொல்லி, வேலை செய்யுற மாதிரி திரையில தெரியட்டும்னு டேக்கை என்கிட்டக் குடுத்துட்டுப் போனான். எப்பத் திரும்பி வந்தான்னு எனக்குத் தெரியாது. ஏழுல யாரும் இல்லன்னு திரை சொல்லுச்சு. நான் எட்டிப் பாக்கல. பொத்தானை அழுத்துனது நான்தாண்ணே."