சஹனின் நான்காம் பக்கம்

துடைத்து, உலர்த்தி, அடுக்கிவைத்த தட்டு ஈரமாக இருந்தது.

மைமூன் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நீராக இருந்தால் வழிந்திருக்கும். இது அவள் விரலோடு நூலாக இழுபட்டு, அறுந்து, மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்தாள். நெடுநாள் கொப்புளிக்காத வாயின் நாற்றம்.

தட்டுகள் இருந்த அலமாரியைச் சிங்கப்பூரின் ஜாலான் புசார்ப் பழம்பொருள் கடையொன்றில் வாங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. எழுபது ஆண்டுப் பழையது. மரத்தில் புடைத்த கழலைகளை அறுத்து இழைத்த சுழிசுழியான கதவுகளும் பித்தளைக் கைப்பிடிகளும் மார்சிலிங் அடுக்குவீட்டின் சிறிய கூடத்துக்கு ஒரு மதிப்பைத் தந்தன. அந்த மதிப்பு இன்று அவளுக்கு வேண்டியிருந்தது. மகள் ஹனீனுக்கு வயது முப்பத்து மூன்று. இரண்டு சம்பந்தங்கள் பேச்சோடு முறிந்துபோயின. மூன்றாவதாக, மாப்பிள்ளையின் தாய் ஆமினா பீவி பகல் விருந்துக்கு வருகிறார். நால்வர் சுற்றியமர்ந்து ஒன்றாக உண்ணும் பெரிய சஹன் தட்டும் அந்த அலமாரிக்குள்தான் இருந்தது.

"என்னங்க, இதைப் பாருங்க."

"மழைக்குப் பழைய மரம் வேர்க்கும் லா," என்றார் கணவர் ரவூப், கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "மோந்து மோந்தே உன் மூக்கு தேஞ்சிரும்."

சஹனை வெந்நீரில் மும்முறை கழுவினாள். பிறகு துணியை நனைத்து அலமாரியின் உட்பலகையைத் துடைத்தாள். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. கன்னத்தின் உட்புறம் போல அழுத்தத்துக்குக் குழைந்தது. துணியில் மென்ற சோற்றுப் பருக்கைகள் ஒட்டிவந்தன. அதற்குள் அவள் ஒருநாளும் சோறு வைத்ததில்லை.

துணியைக் குப்பையில் எறிந்துவிட்டு அலமாரிக் கதவைப் பூட்டினாள்.

நண்பகலில் ஆமினா பீவியும் அவருடைய மூத்த மகள் ஷமீமாவும் மைமூனும் பாயில் அமர்ந்தார்கள். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் சஹனில் ஆவி பறக்க இருந்தன. அலமாரியை நோக்கிய நான்காம் பக்கம் காலியாக இருந்தது.

"வீட்ட எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!" என்றார் ஆமினா பீவி. "எனக்கு அதுதாங்க முக்கியம். ஹனீன எங்க எல்லாருக்கும் புடிச்சிருக்கு. தேதி பாத்துருவோமா?"

அடுக்களை வாசலில் ஹனீன் தலைகுனிந்து சிரித்தாள்.

அலமாரியின் பித்தளைப் பூட்டு மெல்லச் சொடுக்கியது.

மைமூன் மட்டுமே பார்த்தாள். கதவில் ஒரு விரலளவு இடுக்கு. நான்காம் பக்கத்துச் சோற்றில் ஒரு குழி. குழியில் ஈரம். குழி ஆழமானது. ஒரு கறித்துண்டு மறைந்தது.

திரும்பி வந்தது.

மென்று துப்பிய துண்டு. வெளுத்தது. நார் நாராகப் பிரிந்தது. விருந்தாளிக்கு நல்ல துண்டைத் தள்ளிவைக்கும் மரியாதையோடு, அது சோற்றின் மேல் மெல்ல நகர்ந்தது. ஆமினா பீவியின் பக்கம் போய் நின்றது.

சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும்.

ஹனீன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மைமூன் வாயைத் திறக்கவில்லை.

"அட, கறியெல்லாம் என் பக்கமே தள்ளுறீங்களே!" ஆமினா பீவி அதை எடுத்து வாயில் இட்டார். மென்றார். அவருடைய உதட்டோரத்திலிருந்து மெல்லிய நூலொன்று தொங்கியது. சோற்றைக் கடந்து, பாயைக் கடந்து, அறாமல், அலமாரியின் இடுக்குவரை நீண்டிருந்தது.