கடைசி ஊர்ப் பெட்டி

கிணத்துக்கடவைத் தாண்டி மருந்து வண்டி தென்னந்தோப்புகளுக்குள் திரும்பியபோது வெயில் ஓலைகளுக்கு மேலேயே தங்கிவிட்டது. கீழே மண் பாதை இருண்டு கிடந்தது. மெஹராஜ் அதையெல்லாம் கவனிக்கிற மனநிலையில் இல்லை. கோயம்புத்தூர் மருந்துக் கிடங்கில் வண்டிகளுக்கு வழி போடுவது அவள் வேலை. சுவரில் மாவட்ட வரைபடம், ஊருக்கொரு குண்டூசி, ஊசிகளைச் சுற்றி வரும் நூல். நூல் குறைந்தால் டீசல் குறையும். கம்ப்யூட்டர் வந்த காலத்தில் நூல் பிடிக்கிறாளே என்று சிரித்தவர்களின் வாயை அவள் போட்டுச் சில வாரமாக ஓடும் இந்தப் புது வழி அடைத்துவிட்டது.

அந்த வழியில் கடைசியாக விழுந்தது அவள் தங்கை ஹுமேரா நர்ஸாக இருக்கும் ஊர். தங்கைக்குச் சலுகை காட்டினாள் என்று இனி ஒருத்தரும் பேச முடியாது. அந்தப் பெருமையோடு, தங்கையையும் ஒரு நடை போய்ப் பார்க்கலாமென்று வண்டியில் ஏறி வந்திருந்தாள்.

சுகாதார நிலையத்தின் வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு நுனியில் ஹுமேரா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அக்காவைக் கண்டும் எழவில்லை.

"ஏன் கண்ணு ஓரத்துல உக்காந்திருக்கே? உழுந்துருவே."

"மெதுவாப் பேசுக்கா. அவங்க இருக்காங்க."

பெஞ்சின் மறுபாதி காலியாக இருந்தது.

டிரைவர் பஷீர் பெட்டியோடு படியிலேயே நின்றுவிட்டார். டெட்டால் வாசனைக்கு அடியில் பழைய ரத்தத்தின் கவிச்சு வாடை வந்தது.

"வண்டி நாள்ல மட்டும் வருவாங்க," ஹுமேரா கிசுகிசுத்தாள். "வண்டி வந்துருச்சுங்களான்னு கேப்பாங்க. வேற ஒண்ணும் பேச மாட்டாங்க."

சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். வலது கால் வீங்கி, கணுக்காலிலிருந்து கருநீலமாகியிருந்தது.

"எதுவும் கடிக்கலக்கா. நான் நர்ஸு, எனக்குத் தெரியாதா?"

கூடவே வந்துவிடு என்று மெஹராஜ் கெஞ்சிப் பார்த்தாள். உள்ளே ஒரு பெண் பிரசவ வலியில் இருந்தாள், ஹுமேரா அசையவில்லை.

பெஞ்சுக்கு வருவது யாரென்று திரும்பும் வழியெல்லாம் மெஹராஜ் பஷீரைக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"அது ராமாமணி சிஸ்டருங்க. கள்ளிப்பதி நர்ஸு. பழைய வழியில அதுதான் கடைசி ஊரு. ஒருநா காலைல அவங்களை விரியன் கடிச்சுப்போட்டுது. அங்க ஊசி மருந்து தீந்துபோச்சு, அன்னைக்கு நம்ம வண்டியிலதான் வருது. அந்தத் தோப்புக்கு வேற வண்டி கிடையாதுங்க. பெஞ்சுல உக்காந்து பாத்துட்டே இருந்திருக்காங்க. நான் போய்ச் சேர்றப்ப உசுரு இல்ல."

"வண்டி லேட்டாண்ணா?"

"இல்லீங்க அம்மணி. சரியான நேரத்துக்குத்தான் போனேன். கடைசி ஊருக்கு அதுதானுங்க நேரம்."

கள்ளிப்பதி நிலையத்தை மூடினார்கள். அதற்குப் பின் கடைசியாக நின்ற ஊரின் நர்ஸ் பாவாத்தாளுக்குக் கால் இப்படித்தான் வீங்கியது. காரமடையில் அப்பன் வீட்டுக்குப் போனவள் பிழைக்கவில்லை.

"இப்ப நீங்க வழிய மாத்திப்போட்டீங்க," என்றார் பஷீர்.

மறுநாள் காலை வரைபடத்தின் முன் தனியாக நின்றாள். முதலில் தங்கையின் ஊர் நடுவில் வரும்படி நூலை மாற்றிச் சுற்றினாள். நூல் வேறொரு ஊசியில் போய் முடிந்தது.

பிடரியில் ஈரக்காற்று பட்டது.

"அங்கயா போகோணுங்க?"

திரும்பினாள். யாரும் இல்லை.

அந்த ஊர் நர்ஸுக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பெயர் வைத்த அன்று மெஹராஜும் போய் இனிப்புச் சாப்பிட்டவள்தான். நூலை எடுத்து இன்னொரு ஊரில் முடித்தாள்.

"அங்கயா போகோணுங்க?"

பணிவான குரல். ஆள் காட்டச் சொல்லிக் கேட்கும் குரல். எந்த ஊசியில் முடித்தாலும் அங்கே ஒருத்தியின் பெயர் இருந்தது. எப்படி வழி போட்டாலும் யாராவது ஒருத்தர் கடைசிதான். அதை யோசிக்காமலே இத்தனை நாள் நூலை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தாள். ஆத்திரத்திலும் பயத்திலும் அழுதாள்.

அழுது முடித்தபோது ஒரு யோசனை வந்தது.

வண்டியில் ஒவ்வொரு பெட்டியிலும் ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கும். கடைசி ஊர்ப் பெட்டிதான் முதலில் ஏறி உள்மூலைக்குப் போகும். மெஹராஜ் ரேக்கிலிருந்து பாம்புக்கடி ஊசி மருந்தை எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கினாள். மேலே 'கிடங்கு, மெஹராஜ்' என்று எழுதி ஒட்டி, அடுத்த வண்டி நாளில் உள்மூலைக்குத் தள்ளினாள். எல்லா ஊரையும் சுற்றிவிட்டு அது இங்கேயே வந்து இறங்கும்.

பஷீர் பதறிப்போனார். "அப்ப கடைசி நீங்களாயிருவீங்க. வேண்டாமுங்க அம்மணி."

"இது மருந்துக் கிடங்குண்ணா. இங்க எதுக்கு ஒருத்தர் மருந்துக்குக் காத்திருக்கோணும்? அவங்க வந்து பாத்துட்டு அடங்கட்டும்."

வண்டி போனது. பின்னாலேயே மழை பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் டெலிபோன் அடித்தது. ஹுமேரா.

"அக்கா! பெஞ்சுல யாருமில்லக்கா! கால் வீக்கம் வடிஞ்சுபோச்சு. செருப்பு மாட்ட முடியுது!"

"அல்ஹம்துலில்லாஹ்!" மெஹராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தனை பேரும் தப்பித்தார்கள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அப்போது ஸ்டோர் பார்க்கும் அரங்கசாமி வாசலில் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, பாம்புக்கடி மருந்து ரேக்கு காலியாயிருச்சுங்க. மழை வருதுன்னு எல்லா ஊரும் முன்னாடியே கேட்டுப்போட்டாங்க, அத்தனையும் இன்னைக்கு வண்டியிலயே போயிருச்சுங்க. மிச்சம் உங்க பேர் போட்ட பெட்டியிலதான் இருக்குது. பாலத்துல தண்ணியாம், வண்டி எப்ப வருமோ." சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மெஹராஜ் ரிசீவரை இறுகப் பிடித்தாள்.

"யாருக்கா அது?"

"அரங்கசாமிண்ணன் கண்ணு. ஊட்டுக்குப் போறாரு."

"அவரில்லக்கா. அவருக்கப்புறம் ஒரு பொம்பளை பேசுச்சே."

அறையில் மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. என்ன சொன்னாங்க?"

மறுமுனையில் ஹுமேரா விசும்பினாள்.

"நீங்க போய் நிம்மதியாத் தூங்குங்க அம்மணி, உங்கக்காள நான் பாத்துக்கறேனுங்கன்னு சொன்னாங்கக்கா."