பதினெட்டாவது கையெழுத்து

எது முதலில் வந்தது, வாசனையா அரைக்கும் சத்தமா, என்பதைப் பிரேமளாவால் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. சில நாள் வாசனைதான் என்று தோன்றும். சில நாள், சத்தம் அதற்கும் முன்பே சுவருக்குள் இருந்ததென்றும், தான்தான் காது கொடுக்கவில்லை என்றும் தோன்றும். சனிக்கிழமை மத்தியானம் என்பது மட்டும் நிச்சயம். குளுவாங் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த பழைய கடைத்தெருவில், மாவு மில்லாக இருந்து கண்காட்சிக் கூடமாக மாறிக்கொண்டிருந்த கடையில், அவள் தனியாகப் புகைப்படங்களை மாட்டிக்கொண்டிருந்தாள். வறுத்த மல்லியின் வாசனை வந்தது. இதமான சூட்டோடு, அப்போதுதான் அரைபட்டு விழுந்ததைப் போல. அரைவை இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பெயிண்டர் மூர்த்தியிடம் சொன்னாள்.

"நாப்பது வருஷம் மொளகா அரைச்ச எடம்க்கா. செவரு குடிச்சிருக்கும்லா. சுண்ணாம்பு அடிச்சா நின்னுடும்," என்றான்.

அடித்தான். மறுநாள் காலை சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்பாக ஊறியிருந்தது. மறுபடி அடித்தான். மறுபடி ஊறியது, இந்த முறை கொஞ்சம் வாசல் பக்கமாக நகர்ந்து.

பிரேமளா யாரிடமும் அதைப் பற்றி மேலும் பேசவில்லை. பேசினால் வேறு ஒன்றையும் பேசவேண்டி வரும்.

அந்தத் தெருவை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஒரு நிறுவனம் வந்தபோது, கடைக்காரர்களைத் திரட்டிக் குழு அமைத்தவள் அவள்தான். பதினெட்டுக் கடைகள். கூரையை மாற்றி, மரச் சன்னல்களைப் பழுதுபார்த்து, காப்பிக்கடை, துணிக்கடை என்று புதியவர்களைக் கொண்டுவந்தால் தெரு பிழைக்கும். அதற்கு வாடகைக்கு இருந்த எல்லாரும் ஒப்புதல் தரவேண்டும். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மில் நடத்திய தேன்மொழி போடவில்லை. காப்பிக்கடைக்குப் பக்கத்தில் மிளகாய்த் தூசி ஆகாது, மில்லைக் காட்சிப் பொருளாக்கலாம் என்று திட்டத்தில் இருந்தது. தேன்மொழி கண் ஆபரேஷனுக்காக ஜொகூர் பாருவில் தங்கியிருந்த பத்து நாளில், குழுத் தலைவர் லோகேஸ்வரன் பக்கத்தில் நிற்க, பதினெட்டாவது கையெழுத்தைப் பிரேமளாவே போட்டாள்.

ஒரு கண்ணில் கட்டோடு தேன்மொழி திரும்பி வந்தபோது கதவில் வேறு பூட்டு. சன்னல் வழியே பார்த்தாள். அவளுடைய இயந்திரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடக்கூடாது என்று எழுதி வைத்திருந்தது. சுவரில் அவளுடைய பழைய படம்.

"நான் இன்னும் சாவலயே, பிரேமளா. அதுக்குள்ள படம் மாட்டிட்டியே," என்றாள்.

"நீதானம்மா ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்ட," என்றார் லோகேஸ்வரன். "மயக்க மருந்துல மறந்துட்டியோ என்னமோ."

தேன்மொழி அவரைப் பார்க்கவேயில்லை. "நீ சொல்லு. நான் போட்டனா?"

கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் பதினேழு கடைக்காரர்களும் நின்றார்கள். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையில் மொத்தத் தெருவும் போய்விடும். பிரேமளா தரையைப் பார்த்தாள்.

"சரி," என்றாள் தேன்மொழி. "பேசாதே. எப்பவும் பேசாதே."

சிகாமட்டில் தங்கை வீட்டுக்குப் போனவள், கண்ணில் சீழ் பிடித்து மூன்றாவது வாரம் இறந்துபோனாள்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் ஏறுமுன் திருஷ்டி சுற்றிப் போடவேண்டும் என்றார் லோகேஸ்வரன். மிளகாய் வாங்க மூர்த்தி கிளம்பினான்.

"எதுக்குடா? தேன்மொழி மூட்டையே பின்னால கெடக்கே," என்றார் அவர்.

அவளுடைய மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, தெருவுக்கு நேராக மூன்று முறை சுற்றி, நெருப்பில் போட்டார். மிளகாய் கருகியது. வெடித்தது. புகைந்தது.

நெடி வரவில்லை.

கண்ணேறு எவ்வளவு பொல்லாததோ அவ்வளவுக்கு நெடி இருக்காது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். யாரும் தும்மவில்லை. யாருக்கும் கண் எரியவில்லை.

"என்னண்ணே, பிளாஸ்டிக் மொளகாயா?" என்றான் மூர்த்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

லோகேஸ்வரன் தண்ணீர் குடிக்க மில்லுக்குள் போனார். உள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. ஒன்றே ஒன்று. பிறகு மற்றொரு சத்தம்: கல்லில் கல் மெதுவாகத் திரும்புவது, ஒரு மூட்டை சாய்வது, சல்லடை தட்டப்படுவது, நாற்பது வருடம் அந்தத் தெரு கேட்டுப் பழகியதால் வெளியே நின்றவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காத சத்தம்.

பிரேமளா உள்ளே போனாள்.

அவர் இயந்திரத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. அதிலிருந்து தூள் விழுந்துகொண்டிருந்தது. உலர்ந்த தூள். சிவப்பு. நிற்கவில்லை.

சுவரில் ஊறிய சிவப்பு இப்போது சுவரில் இல்லை.

அவளுக்குப் பின்னால் இருந்தது.

சொல்லிவிட்டால் விட்டுவிடும் என்று நினைத்தாள். வெளியே ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கை தட்டினார்கள். வாசலுக்கு ஓடினாள். எல்லா முகங்களும் தெரிந்தன. வாயைத் திறந்தாள்.

"அந்தக் கையெழுத்து..."

நாக்கில் மணல் போல ஒன்று. தொண்டையில் நெருப்பு. இழுத்த மூச்சு உள்ளே போகவில்லை. ஒரு கை, கரகரப்பான கை, பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கோபமே இல்லாமல். வேலை சொல்லித் தருகிறவளின் கை போல. உள்ளே இழுத்தது.

கதவு சாத்திக்கொண்டது. விழாவின் ஒரு பகுதி என்று நினைத்து எல்லாரும் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

உள்ளிருந்து தூக்கிக்கொண்டு போன லோகேஸ்வரன் அன்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்தார். மூர்த்தி செடெனாக் ஊருக்குப் போய்விட்டான். குளுவாங்கில் வேலை எடுப்பதில்லை. தெரு நன்றாக இருக்கிறது. பதினேழு கடைகளிலும் வியாபாரம். வார இறுதியில் சிங்கப்பூர்க் கார்கள் நிறுத்த இடம் இருப்பதில்லை. பதினெட்டாவது கடையில் மில் ஓடுகிறது. மோட்டாரை யாரும் திரும்ப மாட்டவில்லை. பிரேமளா காலை ஏழு மணிக்கு உள்ளே போகிறாள், யாரோடும் பேசுவதில்லை. ஊர்ப் பெண்கள் மிளகாயை வாசலில் வைத்துவிட்டுப் போய், மாலையில் தூளாக எடுத்துக்கொள்கிறார்கள். நிறம் முன்னைவிட நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அவளுடைய இடது கையில் விரல்கள் முடிந்துவிட்டன. வலது கையில் இன்னும் இரண்டு இருக்கின்றன.