வஜ்ஜிரக் கொப்பரை

'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்த பலகையில் இடது கையை வாகாக ஊன்றிக்கொண்டுதான், தச்சன் வலது கையின் ஆட்காட்டி விரலைக் கொப்பரைக்குள் விட்டான். தப்பு அவனுடையது. முழுக்க அவனுடையது என்றும் சொல்லிவிட முடியாது, பாதி தொழிலுடையது. பசையைக் கண்டால் ஒரு சொட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்து அமுக்கி, இழுத்து, எவ்வளவு நூல் வருகிறது என்று பார்க்காமல் அவனால் நகர முடியாது. மாமனார் வீட்டில் முதல் தடவை உட்காரும்போதே நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து, "மூட்டு போயிடுச்சு" என்று சொன்னவன். மாமனார் இன்றுவரை அது தன் முழங்காலைப் பற்றிய பேச்சென்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் விரல் உள்ளே போயிருக்கக் கூடாது.

ஆற்றங்கரையின் அந்தப் பழைய தெருவில் கிடங்குகள் எல்லாம் இப்போது அருங்காட்சியகங்கள். கயிறு, நங்கூரம், உப்பு என்று காலையிலிருந்து பார்த்து அவனுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் கால் கடுத்துவிட்டது. மனைவி படகுத் துறையில் வரிசை பிடிக்கப் போய்விட்டாள். "வஜ்ஜிரம் காய்ச்சின ஆலையாம். உங்களுக்குச் சொர்க்கம் மாதிரி இருக்கும். அங்கேயே தங்கிடாதீங்க," என்று சொல்லிவிட்டு. எலும்பும் தோலும் குளம்பும் வெந்து குழைந்து வருகிற மரப்பசைதான் வஜ்ஜிரம். பழையதின் அடியை வழிக்காமல் அதன்மேலேயே புதுசைக் காய்ச்சுவார்களாம். ஆலை ஓடிய காலம் முழுக்க இந்தக் கொப்பரை ஒரு தடவைகூடக் காலியானதில்லை என்று சுவரில் எழுதியிருந்தது. ஆலை மூடி இரண்டு மூன்று தலைமுறை ஆயிற்று. காய்ந்து கல்லாகியிருக்க வேண்டும். மேலே கறுப்பாகக் கட்டியிருந்த ஆடை, பழுத்த கொப்புளம் மாதிரி நெகிழ்ந்து, பொக்கென்று உடைந்து, விரலைக் கணுவரை வாங்கிக்கொண்டது.

சூடாக இருந்தது. காய்ச்சல்காரனின் அக்குள் மாதிரி.

உருவி, பழக்க தோஷத்தில் கட்டைவிரலையும் சேர்த்து இழுத்தான். நூல் சாண் நீளத்துக்கு வந்தது, அறுபடவில்லை. முதல் தரம், என்றது தொழில் புத்தி. அப்புறம்தான் நாற்றம் ஏறியது. சொத்தைப் பல், நனைந்த நாய், நாள்பட்ட புண்ணின் கட்டை அவிழ்த்தால் வருகிற வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் கைக்குழந்தை கக்கிய பாலின் இனித்த புளிப்பு. நூலுக்குள் ஏதோ மினுங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு கண்ணிமை முடி. அதற்குக் கீழே பிறை மாதிரி ஒரு நகத் துண்டு. ரொம்பச் சின்ன நகம். விரல்களை உள்ளங்கையில் தேய்த்துத் துடைத்தான், உள்ளங்கையெல்லாம் பரவியது.

"சார்."

சீட்டுக் கிழிக்கிற அம்மாள் வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கைகளிலும் தடித்த துணி உறை.

"எதையாவது தொட்டீங்களா?"

வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. "பலகையைத்தாம்மா தொட்டேன். அதைத் தொடக் கூடாதுன்னு தனியா ஒரு பலகை வைக்கலையே."

அவள் சிரிக்கவில்லை. தோள் மட்டும் தளர்ந்தது. "அப்போ சரி."

பின்பக்கமாக ஓடிவந்த மகள், ஒளிந்திருந்த அந்தக் கைக்குள் தன் கையைத் திணித்தாள்.

பள்ளிக்கூட வாசலில் பிடித்தால் "எல்லாரும் பாக்கறாங்கப்பா" என்று உதற ஆரம்பித்திருக்கிற வயசு. அவளாக வந்து பிடித்து எத்தனை நாளாயிற்று! அவனுக்கு உள்ளுக்குள் என்னமோ இளகியது. இப்படியே இருக்கட்டுமே என்று ஒரு நொடி வைத்திருந்தான்.

பிறகு எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

"ச்சீ, என்னப்பா, மூக்குச் சளியா?"

"அசையாதடா கண்ணு." மெல்லத் திருகினான். இரண்டு பேர் தோலும் சேர்ந்து திருகியது. இரண்டு பேரும் சேர்ந்தே "ஆ" என்றார்கள்.

வெந்நீர் பட்டால் வஜ்ஜிரம் விட்டுவிடும். அது எந்தத் தச்சனுக்கும் தெரியும். "அம்மா, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

"படகு போயிடும் சார்."

"கையில பிசுக்கு ஒட்டிக்கிச்சு. எப்படி விடும்?"

"ஆத்துக் காத்துல எல்லாமே பிசுக்குத்தான்." சொல்லிக்கொண்டே அவள் பின்னால் நகர்ந்தாள். கண் அவன் கைமேல் இருந்தது.

மூலையில் இருந்த குழாய்த் தண்ணீரிலேயே கழுவினான். பசை கரைந்து பழுப்பாக ஓடியது. கழுவக் கழுவ நாற்றம் அவன் தோலுக்கு அடியிலிருந்து வந்தது. பசை போன இடத்தில் அவன் கை எங்கே முடிகிறது, அவள் கை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடினான். நல்ல தச்சன் போட்ட மூட்டில் கோடு தெரியாது.

கோடு தெரியவில்லை.

"அப்பா, அரிக்குது."

"எங்கேடா?"

"உன் கட்டைவிரல்ல."

அவனுக்கும் அரித்தது. இல்லாத ஒரு விரலில். கடித்த நகத்தோடு, குட்டியாக, தன் உள்ளங்கைக்கு உள்ளே.

மகளின் மணிக்கட்டில் பாசிமணி வளையல். சற்றுமுன் தள்ளி இருந்தது. இப்போது அவன் கையை ஒட்டி இருக்கிறது. ஒரு மணி உள்ளே போனது. சதை அதன்மேல் உதடு மாதிரி மூடிக்கொண்டது. இன்னொரு மணி.

"அம்மா." குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "விளையாட்டா சொல்லிட்டேன். தொட்டேன். விரலை விட்டுப் பார்த்தேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், எம் பொண்ணும்மா. இது எப்போ விடும்?"

அந்த அம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். பிறகு வலது கை உறையின் நுனியைப் பல்லால் கவ்வி, உருவிக் கீழே போட்டாள். அதே பாலின் புளிப்பு வந்தது.

"விடாது சார். சின்னது பெரிசுக்குள்ள போயிடும்."

அவள் உள்ளங்கையின் நடுவில், நகக்கண்வரை மூழ்கி, ஐந்து சின்ன விரல் நுனிகள்.

"என் தம்பி," என்றாள்.

மகளைப் பார்த்து அவை ஒவ்வொன்றாக மடங்கி, நிமிர்ந்து, டாட்டா காட்டின.