இடப்பக்கம் திருகினால்

பிற்பகல் மூன்று மணிக்கு மனைவியின் அக்கா வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினான் ஓட்டுநர். மனைவியின் துணிப்பெட்டி இங்கேதான் இருந்தது. போன மாதம் அவன் சரக்கோடு வெளியூர் போயிருந்தபோது, அக்கா வீட்டில் தங்கியிருந்தவள் மூச்சிழுப்பு முற்றி இறந்துபோனாள்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஈயம் உருகிய வாடை.

அக்கா, மின்னிசைக் கருவிகளான சிந்தசைசர்களுக்கு ஒலியை வடிகட்டும் ஃபில்டர் சர்க்யூட் வடிவமைப்பவள். மின்னழுத்தம் ஏறினால் ஒலி பளிச்சென்று திறக்கும். இறங்கினால் கூர்மையெல்லாம் மழுங்கி அடங்கிவிடும். அதைக் கையால் செய்ய ஒரு குமிழும் உண்டு; இடப்பக்கம் திருகினால் ஒலி மூடும்.

"வாங்க மாப்பிள்ளை. ஒரு நிமிஷம், இதை முடிச்சிடறேன்."

ஸ்பீக்கரில் மழைபோல வெறும் இரைச்சல். அவள் குமிழை இடப்பக்கம் திருகத் திருக, அது சுருங்கி ஓர் இழுப்பாயிற்று.

ஹ்ஹீ… ஹ்ஹீ…

ஓட்டுநர் ஸ்பீக்கரை நெருங்கினான். பதினொரு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இழுப்பு. கடைசியில் வரும் அந்தச் சின்ன விக்கல்கூட அப்படியே இருந்தது.

"அக்கா… இது அவ."

"ஆமா." அவள் குமிழிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ போன மறுநாள்லேர்ந்து எந்த சர்க்யூட் பலகையைச் செஞ்சாலும் வருது. வாங்கறவங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்கு. உயிருள்ள சத்தமாம்."

இன்னும் கொஞ்சம் திருகினாள். ஸ்பீக்கருக்குள் மூச்சு திணறியது.

"திறந்து விடுங்கக்கா. அவளுக்கு முடியல."

"முழுசா மூடிப் பார்க்காம எப்படி அனுப்புறது?"

அவன் மேசையைச் சுற்றி வந்தான். "அவ போன அன்னிக்கு இந்த ரூம் கதவைத் தட்டினது கேக்கலன்னீங்களே… ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்னு…"

அவள் நிமிர்ந்தாள். "கேட்டுச்சு. ட்யூனிங் பாதியில இருந்தது. விட்டுட்டு எழுந்தா சர்க்யூட்டோட சூடு மாறிடும், மறுபடி மொதல்லேர்ந்து செய்யணும். எப்பவும் வர்ற இழுப்புதானேன்னு இருந்துட்டேன்."

ஓட்டுநர் பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினான்.

கருவியின் விளக்குகள் அணைந்தன.

மூச்சு நிற்கவில்லை.

யாரும் தொடாமலே குமிழ் இடப்பக்கம் நகர்ந்தது. மயிரிழை மயிரிழையாக.

அக்கா தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்தது, காற்று உள்ளே போகவில்லை. முழங்கால் மடங்கி மேசையடியில் சரிந்தாள்.

"மாப்… பிள்ளை… திருப்புங்க…"

கை எட்டும் தூரம்தான். நீட்டினான். விரல் குமிழில் பட்டது.

கையை இழுத்துக்கொண்டான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் நகங்கள் தரையைப் பிராண்டி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரும் அடங்கியது. மனசு லேசானதுபோல் இருந்தது.

பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து விலாசத்தைச் சொன்னான்.

"சார், ஒண்ணும் புரியல," என்றாள் எதிர்முனையில் பேசிய பெண். "தண்ணிக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு. சத்தமா சொல்லுங்க."

கத்தினான். குமிழை முழுசாக மூடியதுபோல், அவன் காதுக்கே வெறும் மழுங்கிய உறுமல்தான் கேட்டது. சொல் எதுவும் வெளியே வரவில்லை.

"சார், உங்க தோள்கிட்ட ஒரு லேடி மூச்சு வாங்கறாங்களே, அது மட்டும் தெளிவா கேக்குது. போனை அவங்ககிட்ட குடுங்க."